ஒன்பதாம் பதிப்பும் என் பத்து விரல்களும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மாலைக் கணினி வகுப்பில் ஒரு தவறு செய்துவிட்டேன். சின்னத் தவறுதான் என்று நினைக்கிறேன். ஆனால் நான் எதைச் சின்னது என்று நினைக்கிறேனோ அதுதான் பிறகு பெரிதாகிறது என்பதால் எழுதி வைக்கிறேன்.

என் நிரலைத் திரையில் போட்டுக் காட்டச் சொல்லிப் பயிற்றுநர் முன்னால் கூப்பிட்டார். அவர் மேசையில் இருப்பது தலைமைக் கணினி. பயிலகத்தின் மற்ற கணினிகள், வாசலில் இருக்கும் வருகைப் பதிவு, அறைக் கதவுகளின் பூட்டு எல்லாம் அதன் பேச்சைத்தான் கேட்கும். என் மாணவர் எண்ணையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே நுழைந்ததும் நடுத்திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. "நீங்கள் பயன்படுத்தும் நிரல்மொழியின் ஒன்பதாம் பதிப்பு வந்துவிட்டது. எல்லாவற்றிலும் நிறுவலாமா?" கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். பிறகு.

"அதை மூடிட்டு நிரலைக் காட்டும்மா," என்றார் பயிற்றுநர்.

நான் 'பிறகு' மேல்தான் சுட்டியைக் கொண்டுபோனேன். விரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரி வழுக்கிவிட்டது. 'ஆம்' விழுந்துவிட்டது.

எங்கள் பயிற்றுநருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அரைப்புள்ளி. எந்த நிரலைக் காட்டினாலும் அது என்ன செய்கிறது என்று பார்க்கமாட்டார், வரி முடிவில் அரைப்புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார். அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நம்ம பயிலக இயக்குநர் விருது வாங்க வெளியூர் போயிருக்கார். அவர் வர்ற வரைக்கும் இதைப் பத்தி யாரும் பேச வேண்டாம்."

"வண்டி தானா கிளம்பிருச்சு. எங்க போய் முட்டுதுன்னு பார்ப்போம்," என்றார் என் பக்கத்து இருக்கை அண்ணன். பகலில் பஸ் ஓட்டுகிறார். மாலையில் எங்களோடு படிக்கிறார்.

பிளாஸ்திரி ஏன் என்றால், நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில். படுக்கை விரிப்புகளைக் குளோரினில் ஊறப் போடுகிறோம். கையுறை போட்டாலும் அது மணிக்கட்டு வழியாக உள்ளே இறங்கிவிடுகிறது. பத்து விரலிலும் தோல் உரிந்துகொண்டே இருக்கிறது. குளோரின் தொடுகிறவரை எந்தக் களிம்பும் பிடிக்காது என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். அதே ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் இருக்கும் என் அக்காதான் சேதி கொண்டுவந்தாள்: கணினிப் பிரிவில் ஓர் இடம் காலி. உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கே முன்னுரிமை. பயிலகத்தின் சான்றிதழ் வேண்டும். மார்ச் 20, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கொடுக்க வேண்டும்.

நாளைய வேலை: என் சலவை நிரலில் தலையணை உறைகளைச் சேர்ப்பது. வழுக்காத பிளாஸ்திரி வாங்குவது.

மார்ச் 6, வெள்ளி

வகுப்புக்குப் பதிலாக விழா. இயக்குநர் திரும்பி வந்துவிட்டார். தோளில் சால்வை. அவருடைய அறைவாசலில் கதவுச் சட்டத்தோடு சேர்த்து ஒரு கறுப்புக் கல் பதித்திருக்கிறார்கள். "இப்பயிலகத்தில் ஒன்பதாம் பதிப்பு, மார்ச் 3 அன்று, இயக்குநர் அவர்களின் திருக்கரத்தால் நிறுவப்பட்டது." கல்லுக்கு மேலே, வெளியூர் மேடையில் அவர் விருது வாங்கும் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. படத்தின் மூலையிலும் மார்ச் 3 என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே ஆள்தான் மாட்டியிருக்கிறார். நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைத்திருக்காது.

"நான் பெருமைக்குச் சொல்லலை," என்று இயக்குநர் ஆரம்பித்தார். எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார். "நிறைய பேர் 'பிறகு' பொத்தானை அழுத்திட்டு வாழ்க்கை முழுக்கப் பின்னாடியே நிக்கறாங்க. என் விரல் நேரா 'ஆம்' மேல போச்சு. கொஞ்சம்கூட நடுங்கலை."

நான் என் விரலைப் பார்த்துக்கொண்டேன்.

"பழைய நிரல்கள் நல்லா ஓடுச்சேன்னு சிலர் கேக்கறாங்க. ஓடுச்சு. யாரு மறுத்தா? ஆனா எப்படி ஓடுச்சு? பழைய மாதிரி ஓடுச்சு! புதுசுல ஓடாம நின்னா அது முன்னேற்றத்தோட அடையாளம். நின்னாத்தானே நம்மகிட்ட வருவாங்க? எல்லாம் ஓடிட்டே இருந்தா எனக்கும் உங்களுக்கும் என்ன வேலை?"

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். வலித்தது.

பிறகு பயிற்றுநர் பதினொரு புதிய அம்சங்களை விளக்கினார். பிழைச் செய்தி இனிமேல் மரியாதையாக வரும். ஒரு காரியத்தை முன்பு ஒரு வழியில்தான் எழுதலாம், இப்போது நாலு வழியில் எழுதலாம், எந்த வழியில் எழுதினாலும் மற்ற மூன்று வழிக்காரர்கள் சிரிப்பார்கள். பதினொன்றில் பெரியது 'வெற்று' நீக்கம்.

எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். பழைய பதிப்பில் ஒரு பெட்டிக்குள் ஒன்றும் வைக்காவிட்டால் அதன் மதிப்பு 'வெற்று'. மறந்துபோய் அந்தக் காலிப் பெட்டியைப் பயன்படுத்தினால் நிரல் குப்புற விழும். புதியதில் வெற்று கிடையாது. சந்தேகமான எதையும் 'இருக்கலாம்' என்ற உறைக்குள் போட வேண்டும். திறக்குமுன், உள்ளே இருந்தால் என்ன செய்வது, காலியாக இருந்தால் என்ன செய்வது என்று இரண்டையும் எழுதிவைக்க வேண்டும். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மொழியைச் செய்தவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

இயக்குநருக்கு அது அதைவிட நல்ல யோசனையாகப் பட்டிருக்கிறது. எழுந்து ஒலிவாங்கியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்.

"ஒரு இயந்திரமே 'இல்லை'ங்கறதை விட்டுருச்சு. மனுஷங்க நாம விட வேண்டாமா? இன்னையிலேர்ந்து இந்தப் பயிலகத்துல அலுவலரோ மாணவரோ யாரும் 'இல்லை'ன்னு சொல்லக் கூடாது!"

விழா முடிந்து கீழே இறங்கும்போது கழிப்பறைக் கதவில் இருந்த 'தண்ணீர் இல்லை' அட்டையை ஒருவர் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். 'தண்ணீர் இருக்கலாம்.'

"உள்ள போய்க் குந்தினப்புறம்தான் தெரியும் போல," என்றார் டிரைவர் அண்ணன்.

மார்ச் 9, திங்கள்

வாசலில் விரல் ரேகை இயந்திரம் இருக்கிறது. அதில் விரல் வைத்தால்தான் வருகை. என் விரல்களில் ரேகை என்று சொல்லத்தக்கது அதிகம் மிச்சமில்லை. ஆனால் இத்தனை மாதமாக ஒரு தொந்தரவும் கிடையாது. விரலை ஏற்காவிட்டால் மாணவர் எண்ணைக் கேட்கும், எண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போவேன். அதை எழுதியவர் யாரோ, என்னை மாதிரி ஒருத்தியை நினைத்து எழுதியிருக்கிறார்.

இன்று விரலை வைத்தேன். எண்ணைக் கேட்கவில்லை. திரையில் ஒரு வரி வந்தது: "வாசலில் ஒருவர் இருக்கலாம்."

வேறு விரல் வைத்தேன். அதே வரி. பத்தும் ஆயிற்று. பின்னால் நின்ற டிரைவர் அண்ணன் தன் கட்டைவிரலை வைத்தார். பச்சை விளக்கு. அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு நானும் நுழைந்தேன்.

பயிற்றுநர் விளக்கம் சொன்னார். எண்ணைத் தட்டும் வழி பழைய பாணியில் எழுதப்பட்டதாம். புதிய பதிப்பு அதன்மேல் மஞ்சள் கோடு போட்டு "இது கைவிடப்படவிருக்கிறது" என்று காட்டியதாம். கோட்டைப் பார்க்க அசிங்கமாக இருந்ததால் இயக்குநர் அந்தப் பகுதியையே எடுக்கச் சொல்லிவிட்டாராம். பகுதி போனதும், அந்த வழியாக வந்த வருகை எல்லாம் 'வெற்று' ஆகியிருக்கிறது. வெற்றுதான் கிடையாதே. அதனால் 'இருக்கலாம்' ஆகிவிட்டது.

"அப்போ நான் இத்தனை மாசமா வந்தது?"

"வந்திருக்கலாம்மா," என்றார் பயிற்றுநர். இரக்கமாகத்தான் சொன்னார்.

"சார், உறுதியான வருகை இருந்தாத்தானே சான்றிதழ்?"

"அதுக்குத்தான் வருகை அலுவலர் இருக்காங்க. பாரு, உன் ஏழாவது வரியில அரைப்புள்ளி விட்டுப்போச்சு."

இயக்குநரின் அறைக் கதவிலும் இதே இயந்திரம்தான். அதற்கு மட்டும் தங்க நிறத்தில் மூடி.

மார்ச் 11, புதன்

இறுதித் திட்டத்தைப் பயிற்றுநரிடம் காட்டினேன். என் நிரல் மிகச் சின்னது. ஒரு துணி எந்த வார்டிலிருந்து வந்தது என்று சொன்னால், எந்தத் தொட்டி, எவ்வளவு சூடு என்று சொல்லும். அறுவை அரங்குத் துணி ஒரு பக்கம், குழந்தைகள் வார்டுத் துணி ஒரு பக்கம். சலவைப் பிரிவில் ஏற்கெனவே இரண்டு பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

"ஓடுதா?" என்றார் பயிற்றுநர்.

"ஓடுது சார்."

"அதான் சிக்கல். பதினோரு அம்சமும் எங்க? ஒண்ணுகூட வைக்காம ஓட வச்சிருக்கே. தேர்வுக் குழு இதைத் திமிர்னு எடுத்துக்கும்."

வைத்தேன். ஐந்து அம்சம் வைப்பதற்குள் நிரல் மூன்று பக்கம் ஆயிற்று. ஆறாவது வைத்ததும் நின்றுவிட்டது. முன்பெல்லாம் "ஏழாம் வரியில் பிழை" என்று ஒரு வரி வரும், போய்த் திருத்துவேன். இப்போது வந்தது இது: "அன்பரே, உங்கள் உழைப்பை மனமார மதிக்கிறோம். எங்கோ ஓரிடத்தில் ஏதோ ஒன்று கைகூடாமல் போயிருக்கிறது. மனம் தளர வேண்டாம்." எந்த வரி என்று தேடி மாலை முழுக்கப் போயிற்று. அன்பரே என்று யாராவது கூப்பிட்டால் இனி நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

பதினொன்றும் வைத்து முடித்த நிரலைச் சலவைப் பிரிவில் ஓட்டிப் பார்த்தேன். மேற்பார்வையாளர் திரையைப் படித்தார்.

"'இந்த விரிப்பு அழுக்காக இருக்கலாம்.' என்னது இது? இருக்கலாமா? மூக்கு எதுக்கு இருக்கு, மோந்து பாரு!"

நாளைய வேலை: சலவைப் பிரிவுக் கணினியில் பழைய நிரலையே திரும்ப வைப்பது. பயிலகத்தில் சொல்லாமலிருப்பது.

மார்ச் 16, திங்கள்

வருகை அலுவலரைப் பார்க்கப் போனேன். தலைமுடியை இழுத்து முடிந்த, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்த அம்மா. கெட்டவர் என்று சொல்ல முடியாது. என் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"மேடம், எனக்கு வருகை இல்லைன்னு…"

"அந்தச் சொல் வேண்டாம்."

"எனக்கு வருகை இருக்கான்னு கேக்க வந்தேன்."

"இருக்கலாம்."

"அப்படின்னா வராதவள்னு அர்த்தமா?"

"சேச்சே! வராதவங்கன்னு இப்போ யாருமே கிடையாதும்மா. உன் வகுப்புல சேர்ந்து ஒரு நாள்கூட வராத பையன் ஒருத்தன் இருக்கான், அவனும் இருக்கலாம்தான். உனக்கும் அவனுக்கும் ஒரே மரியாதை."

"நான் இப்ப உங்க முன்னாடி உக்காந்திருக்கேனே மேடம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்று ஒரு நிமிடம் அவர் உண்மையிலேயே தடுமாறினார். நல்ல மனசு.

"நாளைக்கு விசாரணைக் குழு கூடுது. வா. வந்தா பார்க்கலாம்."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் என் விரல்களுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"இத்தனை மாசமா சாயங்காலம் எங்கடி போயிட்டு வந்தே?" என்றாள்.

"அக்கா, நீயுமா?"

"சும்மா கேட்டேன்டி. அழாதே, களிம்பு கரைஞ்சிரும்."

நான் வகுப்புக்குப் போனது எனக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் படுக்கும்போது ஒரு தடவை யோசித்துப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

குழுவில் மூன்று பேர். நடுவில் இயக்குநர், ஒரு பக்கம் பயிற்றுநர், மறு பக்கம் கணினியோடு வருகை அலுவலர். நடப்பதை அவர் அப்போதைக்கப்போது பதிவேற்றிக்கொண்டிருந்தார்.

"விசாரணைக்கு வந்திருக்கக்கூடிய மாணவி உட்காரலாம்," என்றார்.

உட்கார்ந்தேன்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "நான் பெருமைக்கு…" வழக்கமான சொல் தொண்டை வரை வந்து, தடை நினைவுக்கு வந்து நின்றது. "…பெருமைக்குத்தான் சொல்றேன். இத்தனை வருஷத்துல இந்தப் பயிலகத்துல ஒரு மாணவருக்காவது அநீதி நடந்திருக்கான்னா…" மறுபடி நின்றார். சுற்றிலும் பார்த்தார். யாரும் உதவவில்லை. "…நடந்திருக்கலாம்," என்று முடித்தார்.

எனக்குச் சாட்சி டிரைவர் அண்ணன். பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வேலைச் சட்டையோடு வந்திருந்தார்.

"இந்தப் பொண்ணு எனக்குப் பக்கத்துலதான் உக்காந்து படிக்குது. என் பேனாவை வாங்கும், மூடியைத் தொலைச்சுட்டுக் குடுக்கும். அம்புட்டுதான் குத்தம்."

"உங்க ரேகை உறுதி," என்றார் வருகை அலுவலர். "அதனால நீங்க சொல்றதும் உறுதி. ஆனா நீங்க யாரைப் பத்திச் சொல்றீங்களோ அவங்க இருக்கலாம்தானே?"

"அம்மா, எதிர்லயே உக்காந்திருக்கு. கண்ணால பாருங்க."

"கண்ணால பார்த்தா பதிவாகற வசதி பத்தாம் பதிப்புல வரலாம்."

அப்போது நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. யோசித்துப் பேசவில்லை. விரல் எரிந்தது. வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது. வாயிலிருந்து வந்துவிட்டது.

"சார், மூணாம் தேதி நான் வந்திருந்தேன். ஒன்பதாம் பதிப்பை நிறுவினது நான்தான். கை வழுக்கிருச்சு."

வருகை அலுவலர் தட்டுவதை நிறுத்தினார்.

"பயிற்றுநர்," என்றார் இயக்குநர் மெதுவாக, "இது உண்மையா?"

பயிற்றுநர் மேசை விளிம்பை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். "அந்தப் பொத்தானை அன்னிக்கு யாராவது அழுத்தியிருக்கலாம் சார்."

"நான் அழுத்தினதா கல்லுல இருக்கு!"

"கல்லுக்கு மேல படமும் இருக்கே சார்," என்றார் டிரைவர் அண்ணன். "அன்னிக்கு நீங்க இந்த ஊர்லயே இல்ல."

"அந்தச் சொல்!" என்றார் வருகை அலுவலர்.

இயக்குநர் எழுந்து நின்றார். "விருது வாங்கின இடத்துல நான் இருந்தேன். அது படம். இங்கயும் நான் இருந்திருக்கலாம். அது கல். இதுல என்ன முரண்பாடு? ஒன்பதாம் பதிப்பைப் படிச்சவங்களுக்குப் புரியும். பதிவு பண்ணுங்கம்மா!"

வருகை அலுவலர் பதிவு செய்தார். சொல்லிக்கொண்டே தட்டினார். "இயக்குநர்… இருக்கலாம்."

எனக்குத் தீர்ப்பு: சான்றிதழ் உண்டு. ஆனால் அது உறையில் வைத்து ஒட்டித் தரப்படும். உறையின்மேல் அச்சிட்டிருக்கிறது: "இதனுள் சான்றிதழ் இருக்கலாம். பிரித்தால் செல்லாது."

மார்ச் 18, புதன்

மதியம் கை கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக் கணினிப் பிரிவுக்கு உறையை எடுத்துப் போனேன். பிரிவுத் தலைவர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். காதருகே வைத்துக் குலுக்கினார்.

"உள்ள சான்றிதழ் இருக்காம்மா?"

"இருக்கலாம் சார்."

"அப்போ வேலையும் இருக்கலாம்." உறையைத் திருப்பிக் கொடுத்தார். கோபம் ஒன்றும் கிடையாது. "உன் சலவை நிரலைப் பார்த்தேன், உருப்படியா இருக்கு. ஆனா காகிதம் வேணும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியற சான்றிதழா கொண்டு வா."

அக்கா உறையைப் புரட்டிப் பார்த்தாள். "நாள் முழுக்க நீராவியிலதானே நிக்கறே. லேசா காட்டினா பசை விட்டுரும்டி."

காட்டவில்லை. செல்லாமல் போய்விடும் என்ற பயம். அதைவிட, உள்ளே என்ன இருக்கும் என்ற பயம்.

நாளைய வேலை: எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 19, வியாழன்

காலையில் உலர்த்தும் இயந்திரத்திலிருந்து விரிப்புகளை இழுத்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் கத்தினார். "உன்னைத் தேடி யாரோ வந்திருக்காங்க! கண்ணாடி போட்டவர், எதிர்ல வர்ற தள்ளுவண்டிகூடத் தெரியாம நிக்கறார்!"

பயிற்றுநர். நீராவியில் அவர் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி வெள்ளையாயிற்று. கடைசியில் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"இங்கதான் வேலை பார்க்கறியாம்மா?"

"சேர்ந்த அன்னிக்கே சொன்னேன் சார்."

அவர் என் கைகளைப் பார்த்தார். இத்தனை மாதமாக அந்தக் கைகள்தான் அவர் கண் முன்னால் தட்டச்சு செய்துகொண்டிருந்தன. "இது என்ன, சோப்பா?"

"குளோரின் சார்."

"ஓ," என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

இயக்குநரால் தன் அறைக்குள் நுழைய முடியவில்லையாம். நேற்றுக் காலையிலிருந்து கட்டைவிரலை வைத்தால் கதவு, "இயக்குநர் இருக்கலாம்" என்கிறதாம், திறக்கமாட்டேன் என்கிறதாம். விசாரணையில் அவரே சொல்லிப் பதிவான வரி அது. அவர் ரேகை நன்றாகத்தான் இருக்கிறது. அவர்தான் உறுதியாக இல்லை. கதவை உடைக்கலாம் என்றால் கல் கதவுச் சட்டத்தோடு சேர்ந்து பதிந்திருக்கிறது, கல் விரிசல் விடும். அதனால் கல்லுக்குக் கீழே பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாராம்.

"நாளைக்குக் காலையில, எல்லாப் பயிலகத்துக்கும் மேல இருக்கற உயர் மன்றத்துலேர்ந்து வர்றாங்க. ஒன்பதாம் பதிப்பை முழுசா நடைமுறைப்படுத்தினதுக்கு அவருக்கு விருது. அவரோட அறையிலதான் தரணும்னு ஏற்பாடு."

"அதுக்கு நான் என்ன சார் பண்ணணும்?"

அவர் தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒதுங்கினார். "எட்டாம் பதிப்புக்குத் திரும்பணும். தலைமைக் கணினியில 'முந்தைய பதிப்புக்குத் திரும்பலாமா'ன்னு ஒரு கட்டம் இருக்கு. ஆனா நிறுவினவங்க எண்ணும் கடவுச்சொல்லும் போட்டாத்தான் 'ஆம்' அழுத்த விடுது. இயக்குநரோட எண்ணைப் போட்டுப் பார்த்தோம். அன்பரே, உங்கள் உழைப்பை மதிக்கிறோம்னு வருது."

உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு விரிப்பை மடித்தேன்.

"ஒன்பதாம் பதிப்புக்காக விருது வாங்க எட்டாம் பதிப்புக்குப் போறீங்களா சார்?"

"மெதுவாப் பேசு. நாளைக்குக் காலையில பின்வாசல் வழியா வந்துட்டு உடனே போயிடு. நீ வந்தது யாருக்கும் தெரியக் கூடாது."

"அதுல கஷ்டம் என்ன சார்? நான்தான் இதுவரைக்கும் வந்ததே இல்லையே."

அவர் கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"பழைய பதிப்பு வந்தா உன் வருகையும் தானா உறுதியாயிரும்மா. அப்புறம் நல்ல சான்றிதழாவே தந்துரலாம்."

"தந்துரலாமா, தருவீங்களா?"

என் பையிலிருந்த உறையை எடுத்து நீட்டினேன். "இதுக்குள்ள என்ன சார் இருக்கு?"

கண்ணாடியை மாட்டினார். வெள்ளையான கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேசுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். "வெறும் தாள்மா. ஒட்டினது நான்தான்."

உலர்த்தும் இயந்திரம் மணி அடித்தது. கதவைத் திறந்து அடுத்த சுற்றை எடுத்தேன். என் குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

"முதல்ல சான்றிதழ் சார். உறை வேண்டாம். என் பேர், முத்திரை, கையெழுத்து மூணும் என் கண்ணுக்குத் தெரியணும். அப்புறம்தான் கடவுச்சொல்."

"முத்திரை வருகை அலுவலர்கிட்ட இருக்கு. ஆனா இயக்குநர் அறைக்கு வெளியில உக்காந்து கையெழுத்துப் போட்டா…"

"கை அவர்கிட்டதானே சார் இருக்கு? திருக்கரம்னு கல்லுலயே போட்டிருக்கே."

அவர் போகும்போது தள்ளுவண்டியில் முட்டிக்கொண்டார். மேற்பார்வையாளர் அவர் போன திசையைப் பார்த்துவிட்டு, "யாருடீ அது?" என்றார்.

"எங்க வாத்தியார் மேடம். அவர் இங்க வந்ததா வெளிய சொல்லக் கூடாதாம்."

மாலையில் அக்காவிடமும் டிரைவர் அண்ணனிடமும் சொன்னேன். அக்கா நாளை காலை மருந்துக் கவுண்டரில் அனுமதி வாங்கிக்கொண்டு என்கூட வருகிறாள். அண்ணன் தன் பஸ் பயிலகம் வழியாகத்தான் போகிறது, சான்றிதழோடு அக்காவை ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறக்கிவிட்டுத்தான் அடுத்த நிறுத்தம் என்கிறார். மிரட்டிக் காரியம் சாதிப்பது தப்பில்லையா என்று அக்காவிடம் கேட்டேன்.

"மிரட்டலெல்லாம் இல்லடி," என்றாள். "நீ நிரல்தானே எழுதறே. எது முதல்ல, எது அப்புறம்னு சொல்லியிருக்கே, அவ்வளவுதான்."

நாளைய வேலை: பயிலகத்துக்குப் போவது. சான்றிதழை உறையில்லாமல் கையில் வாங்குவது. அதில் என் பெயர் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் படிப்பது. அதை அக்கா கையில் கொடுத்து அவள் பஸ்ஸில் ஏறிய பிறகு 'ஆம்' அழுத்துவது. பிளாஸ்திரியைக் கழற்றிவிட்டு அழுத்துவது. வரிசை மாறக் கூடாது.